வானொலியும் கருத்துச் சுதந்திரமும்

பத்திரிகை ஒன்றை நடத்த விரும்புவோனுக்கு வேண்டுவன தாளும் மையும் அச்சுப்பொறியுமே. ஒருவன் அச்சிடுவதனால் மற்றொருவனின் அச்சுப்பொறி நின்றுவிடுவதில்லை. வானொலியின் நிலை அவ்வாறன்று. அண்மையிலுள்ள இரு நிலையங்கள் ஒரே அலைவரிசையில் ஒலிபரப்பின், கேட்போர் செவிக்கு எட்டுவது இரைச்சலே. அலைவரிசைகளோ அளவுக்குட்பட்டவை. ஆகவே, அவற்றைப் பங்கிட்டு அனுமதிப்பத்திரம் வழங்க ஓர் அமைப்பு இருத்தல் இன்றியமையாததாகும்.

நேயர்களே, இடர்ப்பாடு தோன்றுவதும் இவ்விடத்தேதான். பத்திரிகையாளன் முதலில் எழுதுகின்றான். தவறிழைத்தால் பின்னர் நீதிமன்றத்தில் விடை கூறுகின்றான். ஒலிபரப்பாளனோ பேசுவதற்கு முன்பே அனுமதி பெற்றாக வேண்டும். அவ்வனுமதியையும் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும் அதிகாரம் அமைச்சரின் கையில் இருக்குமாயின், தணிக்கை அதிகாரி எவரும் வேண்டியதில்லை. அச்சமே அவ்வேலையைச் செய்துவிடும். பத்திரிகை நிறுவனமே வானொலியையும் தொலைக்காட்சியையும் நடத்துமிடத்து, அவ்வச்சம் பத்திரிகையின் ஆசிரிய பீடத்தையும் எட்டும்.

இவ்விடயத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டில் ஆராய்ந்தது. வழக்கு எழுந்தது 1993 இல் நடைபெற்ற கிரிக்கெட் போட்டிகளை ஒளிபரப்பும் உரிமை பற்றியே. தீர்ப்போ அதனினும் பெரியதொரு பொருளைத் தொட்டது. வானலைகள் பொதுமக்களின் சொத்து. அவற்றின்மீது அரசாங்கம் ஏகபோக உரிமை கொண்டாடலாகாது. சுதந்திரமாக இயங்கும் பொது அமைப்பொன்றே அவற்றை ஒழுங்குபடுத்தல் வேண்டும் என நீதிபதிகள் கூறினர்.

ஈராண்டுகள் கழிந்து அதே வினா நம் நாட்டிலும் எழுந்தது. 1997 இல் இலங்கை ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டபோது, பலர் அதனை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடினர். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தல் தகும் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆயின், அமையவிருந்த அதிகாரசபை அரசாங்கத்தின் பிடியினின்று விடுபட்டதன்று எனக் கண்டது. சிந்தனைச் சுதந்திரத்துக்கும் பேச்சுச் சுதந்திரத்துக்கும் அரசியலமைப்பு அளித்த காப்புக்கு அச்சட்டமூலம் முரணானது எனத் தீர்மானித்தது. சட்டமூலம் சட்டமாகாது போயிற்று.

எந்த நாட்டில் எப்பெயரால் ஒலிபரப்புச் சட்டம் வந்தாலும், குடிமக்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். ஒழுங்குபடுத்தும் சபையின் உறுப்பினரை நியமிப்பவர் யார்? அவர்களை நீக்கவல்லவர் யார்? அனுமதி மறுக்கப்பட்டவனின் முறையீட்டைக் கேட்பவர் யார்? மூன்றுக்கும் அமைச்சர் என்பதே விடையாயின், அலைவரிசையைப் பங்கிடும் பெயரால் மக்களின் நா கட்டப்படுகின்றது என்பதை உணர்தல் வேண்டும்.