ஊரின் முகம் மாறாமல் ஒரு வீடு

மும்பையில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் மாத்தேரானுக்கு ஒரு தடவையாவது போகாதவர்கள் குறைவு. பள்ளிக்கூட லீவு விட்டதும் நேரலில் இறங்கி, பொம்மை ரயிலுக்கு வரிசையில் நின்று, மேலே போய்ச் சேர்ந்ததும் புளியோதரைப் பொட்டலத்தைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டு வந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. சென்ற கோடையில் நானும் போனேன். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஒரு வீட்டுக்குப் பிளான் போட்டுக் கொடுக்கப் போனேன். அங்கே நான் கற்றுக்கொண்டதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ரயில்வேயில் என்னோடு பல வருடங்கள் ட்ராலிமேனாக இருந்தவர் மாத்தேரான்காரர். நான் அவரைப் ‘பாவு’ என்பேன். அவருக்கு நான் ‘சாஹேப்’. இருவரும் ரிட்டயர் ஆன பிறகும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்துகொள்வோம். அவருடைய தாத்தா கட்டிய வீடு அங்கே இருக்கிறது. செம்பாறாங்கல் சுவர், மங்களூர் ஓடு, முன்னால் நீளமான திண்ணை, வாசலில் இரண்டு நாவல் மரங்கள். கடைசிப் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“பையனுக்கு ஒரு அறை வேண்டும் சாஹேப். சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை இருந்தால் பென்ஷனோடு சேர்த்துக் காலம் தள்ளிவிடுவேன். நீங்கள்தான் பிளான் போட்டுத் தர வேண்டும்” என்றார்.

நான் சிவில் டிப்ளமா படித்தவன். முப்பத்தைந்து வருடம் பாலம், பிளாட்பாரம், குவார்ட்டர்ஸ் என்று கட்டியவன். ஒரே சாயங்காலத்தில் படம் தயார். திண்ணையை இடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்து இரண்டு மாடி, கான்கிரீட் தளம், பால்கனி, உச்சியில் தண்ணீர்த் தொட்டி. பாவுவுக்கு வாயெல்லாம் பல்.

நகராட்சிக்கு மனு கொடுக்க உரிமம் பெற்றவரின் கையெழுத்து வேண்டும். பாவு தன் உறவினர் மூலம் ஒரு ஆர்க்கிடெக்ட் அம்மாவை ஏற்பாடு செய்திருந்தார். பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதில் அனுபவம் உள்ளவர். என் படத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “சார், கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எந்த ஊர் வீடு?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

ஊரின் கதை

அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாத்தேரான் ராய்கட் மாவட்டத்தில், சுமார் 800 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐயாயிரம் பேருக்கும் குறைவு. 1850-ல் தாணே கலெக்டராக இருந்த ஹியூ மாலெட் இந்த மலையைப் பார்த்து, கோடை வாசத்துக்கு ஏற்ற இடம் என்று முடிவு செய்தார். அதன்பின் வெள்ளைக்காரர்களும், பம்பாயின் பார்சி, குஜராத்தி வணிகர்களும் பங்களாக்கள் கட்டினார்கள். மரங்களுக்கு நடுவே, ரோட்டிலிருந்து தள்ளி, தாழ்ந்த ஓட்டுக் கூரையோடு கட்டினார்கள்.

1904-ல் தொடங்கி 1907-ல் முடிந்தது நேரல் – மாத்தேரான் ரயில் பாதை. அதைப் போட்டவர் அப்துல் ஹுசேன் ஆதம்ஜி பீர்பாய். இரண்டடி கேஜ், சுமார் 20 கிலோமீட்டர் தூரம், 20 அடிக்கு ஓரடி ஏற்றம். மலையைக் குடையாமல் அதன் வளைவோடு வளைந்து போகும் பாதை அது. சுரங்கம் ஒன்றே ஒன்றுதான். இயற்கையோடு மல்லுக்கு நிற்காமல் கட்டுவது எப்படி என்பதற்கு எங்கள் தொழிலில் அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

ஊருக்குள் கார், ஸ்கூட்டர் கிடையாது. தஸ்தூரி நாகாவோடு மோட்டார் வண்டிகள் நின்றுவிடும். 2003 பிப்ரவரி 4-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், 1986-ஆம் வருடத்துச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், மாத்தேரானையும் சுற்றுப்புறத்தையும் சூழல் உணர்வு மண்டலமாக அறிவித்தது. மண்டலத்துக்கென்று ஒரு பெருந்திட்டம் தயாரிக்க வேண்டும், கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மரம் வெட்ட அனுமதி வேண்டும் என்பவற்றோடு, பழைய கட்டடங்களையும் அவை அமைந்த பகுதிகளையும் அடையாளம் கண்டு காக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அங்கே கட்டடம் கட்டுவது உறுதியும் சுகாதாரமும் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. ஊரின் தோற்றமும் கணக்கில் வருகிறது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

தனி ஒரு கோயிலையோ கோட்டையையோ பாதுகாப்பது பழைய வழக்கம். ஒரு தெருவை, ஒரு பேட்டையை முழுசாகப் பாதுகாப்பது புதிது. அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்ற ஊர் 1931-ல் தன் பழைய பகுதிக்குத் தனி விதி செய்து, கட்டட மனுக்களைப் பார்வையிட ஒரு குழுவை அமைத்தது. இங்கிலாந்தில் 1967-ல் சட்டம் வந்தது. நம் நாட்டில் 1995-ல் மும்பை முதன்முதலாகப் பாரம்பரியக் கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. அந்த வருடமே ஹைதராபாத்தும் பின்தொடர்ந்தது.

மும்பை விதிகளின் அடிப்படை, கட்டடங்களைத் தரம் பிரிப்பது. முதல் தரம் தேசிய முக்கியத்துவம் உள்ளவை. அவற்றின் ஆயுளை நீட்டிக்கத் தேவையான பழுது வேலை தவிர உள்ளேயும் வெளியேயும் கை வைக்கக் கூடாது. இரண்டாம் தரத்தில் உள்மாற்றங்களுக்குப் பொதுவாக இடம் உண்டு. வெளித்தோற்றத்தை மாற்றுவது கூர்ந்து பார்க்கப்படும். மூன்றாம் தரம் தனியாகப் பார்த்தால் சாதாரண வீடுகள்தான். சேர்ந்து நிற்கும்போது தெருவுக்கு ஒரு முகம் கொடுக்கின்றன. இவற்றில் மாற்றமும் கூடுதல் கட்டடமும் செய்யலாம், பக்கத்தில் இருப்பதைக் கெடுக்காமல் இருந்தால்.

இந்த மூன்றாம் தரம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெரிய மாளிகையைக் காக்க ஆள் உண்டு. ஒரு சின்ன ஊரின் முகம் கெடுவது பாவுவின் வீட்டைப் போன்ற நூறு வீடுகள் ஒவ்வொன்றாக மாறும்போதுதான்.

ஐந்து கேள்விகள்

ஆர்க்கிடெக்ட் அம்மா என் படத்தை வைத்துக்கொண்டு ஐந்து கேள்விகள் கேட்டார். மனுவைப் பார்வையிடுகிறவர்கள் எந்த ஊரானாலும் ஏறக்குறைய இவற்றைத்தான் கேட்பார்களாம்.

முதலாவது: ரோட்டில் நடந்து வருகிறவர் கண்ணுக்கு முதலில் என்ன படுகிறது? இப்போது மரமும் திண்ணையும். என் படத்தின்படி இரண்டு மாடிச் சுவர்.

இரண்டாவது: கூரை முகடு அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் மரங்களுக்கும் எந்த மட்டத்தில் இருக்கிறது? கூட்டத்தில் ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்றால் எல்லோரும் ஏறி நிற்க வேண்டி வரும்.

மூன்றாவது: அஸ்திவாரம் தோண்டும்போது மரத்தின் வேர் என்னாகும்? கிளையை வெட்டாமல் வேரை அறுத்தாலும் மரம் நாலைந்து வருடத்தில் பட்டுப் போகலாம்.

நான்காவது: மழைத் தண்ணீர் எங்கே போகும்? கொட்டித் தீர்க்கும் மலை மழையில் முற்றம் முழுக்க சிமெண்ட் போட்டால், அத்தனை நீரும் பக்கத்து வீட்டுச் செம்மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

ஐந்தாவது: பழைய சுவருக்கு எதைப் பூசப் போகிறீர்கள்?

“வேறென்ன, சிமெண்ட்தான்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். செம்பாறாங்கல் நுண்துளைகள் உள்ள கல். ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சுண்ணாம்புச் சாந்து அதற்கு ஒத்துழைக்கும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்க, உள்ளே கல் பொடியும்.

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு பழைய காரியம் நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மலையடிவாரத்தில் ஒரு ஓய்வு விடுதியின் ஓட்டுக் கூரை ஒழுகியது. ஓட்டையும் தேக்குச் சட்டங்களையும் கழற்றிவிட்டுக் கான்கிரீட் தளம் போட யோசனை சொன்னவன் நான்தான். நாலு அங்குலத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. ஓடும் சட்டமும் சேர்ந்து அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவர் அந்தப் பாரத்தில் விரிசல் விட்டது. சில மழைக்காலம் கழித்துத் தளமும் ஒழுகியது. நாலைந்து சட்டத்தை மாற்றி, உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றியிருந்தால் போதும். அப்போது எனக்குக் கேள்வி கேட்க ஆள் இல்லை. கேட்டிருந்தாலும் காதில் போட்டுக்கொண்டிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இரண்டாவது படம்

ரயில்வேயில் எங்களுக்கு ‘ஷெட்யூல் ஆஃப் டைமன்ஷன்ஸ்’ என்று ஒரு அளவுப் புத்தகம் உண்டு. ஓடுகிற ரயிலிலிருந்து எந்தக் கட்டடம் எவ்வளவு தள்ளி, எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் இருக்கும். ஒரு அங்குலம் மீறினாலும் கணக்கு எழுத வேண்டும். “உன் இஷ்டப்படி ஏன் கட்டக் கூடாது?” என்று யாரும் கேட்பதில்லை, ரயில் எல்லோருக்கும் பொது. ஊரும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றியது. சுவர் பாவுவுடையது, அது தெருவுக்குக் காட்டும் முகம் எல்லோருக்கும் பொது.

மறுநாள் இரண்டாவது படம் போட்டேன். திண்ணையும் முன்சுவரும் அப்படியே. புது அறைகள் பின்பக்கம், நிலம் சரியும் இடத்தில், முகடு பழைய முகட்டுக்குக் கீழேயே. ஓட்டுக் கூரை. தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் தரையில். மரத்திலிருந்து தள்ளி அஸ்திவாரம். முற்றத்தில் சிமெண்ட் இல்லை. மூன்று அறைக்குப் பதில் இரண்டுதான் வந்தன. வாடகை அறை ஒன்று குறைந்ததில் பாவுவின் முகம் வாடியது உண்மை. அவர் மனைவிதான், “வருகிறவர்கள் திண்ணையில் உட்காரத்தானே வருகிறார்கள்! அதை இடித்துவிட்டு எதைக் காட்டி வாடகை கேட்பது?” என்றார். எங்கள் இருவருக்கும் தோன்றாத விஷயம்.

நியாயமும் வேண்டும்

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊரின் அழகை ரசிப்பவர் இரண்டு நாளில் கீழே இறங்கிவிடுகிறார். ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவர் ஊர்க்காரர். அங்கே சாமான் கொண்டுபோகும் கூலியே அதிகம். ஆகவே எந்த ஊரானாலும் மனுவைப் பார்வையிடும் குழுவுக்கும் சில கடமைகள் உண்டு. என்ன செய்யலாம், கூடாது என்பதை ஊர்க்காரரின் மொழியில், படத்தோடு எழுதி வைக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். கெடு வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பெரிய ஹோட்டலுக்கும் ட்ராலிமேன் வீட்டுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். வீட்டுக்குள்ளே கழிப்பறையோ சமையல் மேடையோ வைப்பதில் குழு தலையிடக் கூடாது. பழைய வீட்டைக் காப்பது என்றால் பழைய அசௌகரியத்தையும் காப்பது என்று அர்த்தம் அல்ல.

நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மில் பலருக்கு ஊரில் பூர்வீக வீடு இருக்கிறது. தஞ்சாவூர், தாராசுரம் போன்ற இடங்களில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்துக்கு 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்ட முடியாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் இன்னொரு 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010-ல் திருத்திய சட்டம் இது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், இடிப்பதற்கு முன், இதை விசாரியுங்கள். சட்டம் குறுக்கே வராத இடத்திலும் வாசலில் நின்று அந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். வீட்டின் பழைய போட்டோக்களையும் அளவுகளையும் பத்திரப்படுத்துங்கள். பிறகு கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

பாவுவின் மனு இதை எழுதும்போது பரிசீலனையில் இருக்கிறது. இன்னும் என்ன திருத்தம் சொல்வார்களோ தெரியாது. கல்யாணம் அதற்காகக் காத்திருக்கவில்லை; திண்ணையில் பந்தல் போட்டு நடந்தது. நானும் என் மனைவியும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் பாவு என்னை அழைத்துப்போய், முதல் படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். “இது உங்களிடமே இருக்கட்டும் சாஹேப்” என்றார்.

வாங்கி வைத்திருக்கிறேன். யாராவது பிளான் கேட்டு வந்தால் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.