மோட்டரின் முதுகில் இருக்கும் சின்னப் பெட்டி

சென்ற மழைக்காலத்தில் ஒரு தோட்டத்து ஸ்டோருக்குப் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எந்த ஸ்டோரிலும் நடக்கக்கூடிய விஷயம்தான்.

வாட்டும் மாடியில் கொழுந்து பரப்பும் அக்கா ஒருவர் இரண்டு நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: "மூணாம் நம்பர் தொட்டிக்கிட்ட கருவாட்டு நாத்தம் அடிக்குதுங்க." கேட்டவர்கள் சிரித்தார்கள். யாராவது சோத்துப் பெட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள் என்றார்கள். மூன்றாம் நாள் இரவு அந்தத் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டர் எரிந்தது. காற்று நின்றால் தொட்டியில் கிடக்கும் கொழுந்து சும்மா இருக்காது. தானாகச் சூடேறும், சிவக்கும். மழையில் நனைந்து, அட்டைக்கடி வாங்கி, கூடை கூடையாகப் பறித்துக் கொடுத்த கொழுந்து விடியும்போது பாழ். கரண்டு கூடிப்போச்சு என்று காரணம் சொன்னார்கள்.

கரண்டு கூடியது உண்மை. ஆனால் அது ஏன் கூடியது என்பதற்கான விடை மோட்டருக்குள் இல்லை. மோட்டரின் முதுகிலோ பக்கத்திலோ ஒட்டிக்கொண்டிருக்குமே ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதற்குள் இருந்தது. இந்த இதழில் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறோம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது கரண்டு வேலை பழகுகிறார்கள். அவர்களுக்கும் இது உதவும்.

முன்னாளில் ஸ்டோர்களில் மெஷினுக்கு ஒரு மோட்டர் என்று கிடையாது. தண்ணீர்ச் சக்கரமோ எஞ்சினோ ஒன்று சுற்றும். கூரையோரமாக ஒரு நீண்ட இரும்புத் தண்டு ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பட்டி இறங்கும். பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1950 ஆம் ஆண்டு லக்ஷபான மின் நிலையம் வேலை தொடங்கியது. மலைநாட்டில் மின்சாரம் பரவப் பரவ, மெஷினுக்கு ஒரு மோட்டர் என்று ஆனது. அப்படி வந்த ஒவ்வொரு மோட்டரோடும் இந்தப் பெட்டியும் வந்தது.

ஸ்டோரில் ஓடுபவை பெரும்பாலும் மூன்று பேஸ் மோட்டர்கள். இந்த வகை மோட்டரை 1889 ஆம் ஆண்டு பெர்லின் நகரில் செய்து காட்டியவர் ரஷ்யாவில் பிறந்த டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி என்ற பொறியியலாளர். உள்ளே மூன்று செம்புக் கம்பிச் சுருள்கள் இருக்கும். ஒரு சுருளுக்கு இரண்டு முனை; ஆக ஆறு முனை. ஆறும் வெளியே வந்து சேரும் இடம்தான் அந்தப் பெட்டி. மூடியைக் கழற்றினால் கையளவு ஒரு கட்டை, அதில் இரண்டு வரிசையாக ஆறு பித்தளை போல்ட், கூடவே மூன்று சின்னப் பித்தளைப் பட்டை. அவ்வளவுதான் சாமான். ஆனால் அதில் எவ்வளவு யோசனை இருக்கிறது என்று பாருங்கள்.

கீழ் வரிசையில் யூ1, வீ1, டபிள்யூ1 என்று எழுதியிருக்கும். மேல் வரிசையில் யூ2, வீ2, டபிள்யூ2 என்றுதானே இருக்க வேண்டும்? இருக்காது. டபிள்யூ2, யூ2, வீ2 என்று ஓரிடம் தள்ளிப் போட்டிருப்பார்கள். அச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். மூன்று பட்டைகளையும் மேலும் கீழுமாக நிறுத்திப் பூட்டினால் ஒரு சுருளின் கடைசி அடுத்த சுருளின் தலையோடு சேர்ந்து முக்கோணமாகிறது. இதுதான் டெல்டா. அதே பட்டைகளை எடுத்து மேல் வரிசையில் குறுக்காகப் படுக்க வைத்தால் மூன்று கடைசிகளும் ஒன்றாகச் சேர்கின்றன. அது ஸ்டார். குறுக்கே பாயும் வயர் இல்லை, தனிச் சாமான் இல்லை. ஒரே அளவுப் பட்டை இரண்டு வேலைக்கும் போதும். நேருக்கு நேர் எழுதியிருந்தால், நிறுத்திப் பூட்டிய பட்டை ஒரே சுருளின் தலையையும் வாலையும் முடிச்சுப் போட்டிருக்கும். ஓரிடம் தள்ளி வைத்ததால் எவ்வளவு இடம் மிச்சம்! இதை யோசித்தவரை எங்களுக்கு மிகவும் பிடிக்கும்.

எதைப் பூட்டுவது என்பதை மோட்டரின் தகடு சொல்லும். 400/690 என்று இருந்தால் நமது 400 வோல்ட் லைனுக்கு டெல்டா. 230/400 என்று இருந்தால் ஸ்டார். ஸ்டாரில் ஒரு சுருளுக்குக் கிடைப்பது சுமார் 230 வோல்ட் மட்டும். இரண்டாவது வகை மோட்டரை டெல்டாவில் பூட்டிவிட்டால் 230 வோல்ட் தாங்கும் சுருளில் 400 ஏறும். புகை வர அதிக நேரம் எடுக்காது. ஸ்டார்-டெல்டா ஸ்டார்டர் இருக்கும் மோட்டருக்கு ஆறு வயரும் தனித்தனியாக வரும். அங்கே பட்டைகள் மூன்றையும் கழற்றிவிட வேண்டும். மறந்து விட்டுவைத்தால் ஸ்டார்டர் மாறும் நேரம் லைனே ஷோர்ட் ஆகும். புதிதாக வேலை பழகும் பிள்ளைகள் அடிக்கடி தவறும் இடம் இது.

சரி, இந்தக் கட்டையை ஏன் இவ்வளவு சின்னதாகச் செய்கிறார்கள்? நல்ல இன்சுலேஷன் வர வர, அதே குதிரை வலுவுக்கு மோட்டர் சிறுத்துக்கொண்டே வந்தது. மோட்டர் சிறுத்தால் அதன் மேல் உட்காரும் பெட்டியும் சிறுக்கத்தான் வேண்டும். அங்கேதான் வடிவமைப்பவருக்குத் தலைவலி. கரண்டுக்குத் தடித்த உலோகம் வேண்டும். வோல்டுக்கு இடைவெளி வேண்டும். வேலை செய்யும் ஆளுக்கு ஸ்பெனர் நுழையவும் தடித்த கேபிள் வளையவும் இடம் வேண்டும். மூன்றும் ஒரே கையளவு இடத்துக்காகச் சண்டை போடுகின்றன.

இடைவெளியை எடுத்துக்கொள்வோம். 400 வோல்டுக்கு இரண்டு உலோகங்களுக்கு நடுவே காற்றில் 3 மில்லிமீட்டர் இருந்தாலே போதும் என்று சர்வதேச விதி சொல்கிறது. ஆனால் கட்டையின் மேற்பரப்பு வழியாக 5 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். காற்றில் அழுக்குப் படியாது, மேற்பரப்பில் படியும். ஸ்டோர் அழுக்கு எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தேயிலைத் தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வாட்டும் மாடியின் ஈரக்காற்றில் அது சேறு மாதிரி ஒட்டும். அந்த ஈரத்தூசி வழியே மின்சாரம் மெல்ல ஊர்ந்து போகும்.

கட்டையைப் பெரிதாக்காமல் இந்தத் தூரத்தைக் கூட்டுவது எப்படி? போல்டுகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சுவர் எழுப்பினார்கள். ஓர் எறும்பு ஒரு போல்டிலிருந்து மறு போல்டுக்குப் போக வேண்டுமானால் சுவரில் ஏறி இறங்கித்தானே போக வேண்டும்? இடம் அதே இடம், பாதை மட்டும் நீளம். பள்ளம் வெட்டியும் நீட்டலாம். ஆனால் நம் ஸ்டோர் போன்ற தூசி இடங்களில் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பள்ளத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, தூசி அதை மூடிவிடும் என்பதால். உடைந்த சுவரைப் பார்த்தும் "சும்மா ஒரு ஓரந்தானே" என்று விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓரம்தான் பாதுகாப்பு.

கட்டை எதனால் ஆனது என்பதும் முக்கியம். பழைய மோட்டர்களில் கறுப்பு பேக்லைட். 1907 ஆம் ஆண்டு பேக்லண்ட் என்பவர் கண்டுபிடித்த பொருள். உறுதியானது, சூட்டில் உருகாது. ஒரு குறை உண்டு. மேற்பரப்பில் சின்னப் பொறி ஓடினால் அந்த வழி கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த பொறி அதே வழியில் இன்னும் சுலபமாக ஓடும். இப்போது வரும் பல கட்டைகள் கண்ணாடி நார் கலந்த பொலியெஸ்டர். அவற்றில் கரி வழி அவ்வளவு லேசில் விழாது. அதனால் சுவர்களையும் கொஞ்சம் நெருக்கமாக வைக்க முடிகிறது.

இனி கரண்டு. வாட்டும் தொட்டிக் காற்றாடிக்கு 10 குதிரை வலு, அதாவது 7.5 கிலோவாட் மோட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் சுமார் 15 அம்பியர் இழுக்கும். இறுக்கமான இணைப்பின் தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அங்கே உண்டாகும் சூடு கால் வாட்டுக்கும் குறைவு. நட் இளகி, துரு ஏறி, தடை ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கானால்? 15ஐ 15ஆல் பெருக்கி 0.1ஆல் பெருக்குங்கள்: 22 வாட். ரேடியோ திருத்துபவர் ஈயம் உருக்குகிறாரே, அந்தச் சூட்டுக்கோலுக்குக் கிட்டத்தட்ட இவ்வளவுதான். விரல் நுனி அளவு பித்தளையில் இரவு பகலாக ஒரு சூட்டுக்கோல்! மோட்டர் ஸ்டார்ட் ஆகும் சில விநாடிகளில் கரண்டு ஆறு மடங்கு ஏறும்; சூடு 36 மடங்கு, 800 வாட்டுக்கு மேல். கட்டை வேகத் தொடங்கும். வேகும் பிளாஸ்டிக்கின் வாடைதான் கருவாட்டு வாடை. அக்காவின் மூக்கு சொன்னது முழுக்கச் சரி.

நட் ஏன் இளகுகிறது? காற்றாடி அதிர்கிறது. சூட்டில் உலோகம் விரிகிறது, ஆறும்போது சுருங்குகிறது. அதற்காகத்தான் ஸ்பிரிங் வொஷர் போடுகிறார்கள். அது நட்டுக்கு அடியில், எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும். கேபிளின் காதுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்பு வொஷரைச் சொருகினால், கரண்டு போகும் வழியில் கல்லை வைத்த மாதிரி. இன்னொரு பக்கம், "நல்லா இறுக்கு, நல்லா இறுக்கு" என்று ஏறி மிதிப்பவர்களும் உண்டு. எம் 6 பித்தளை போல்டுக்குப் பெரும்பாலும் கேட்பது 3, 4 நியூட்டன் மீட்டர்தான். ஒரு சாண் நீள ஸ்பெனரின் நுனியில் இரண்டு கிலோ அரிசியைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவு. அதற்கு மேல் போனால் பித்தளை இழுபடும், பிறகு முறியும்.

அந்த ஸ்டோரில் நடந்ததும் இதுதான். மூன்றில் ஒரு போல்டில் நட் இளகி, கேபிளின் காது கருகி, கடைசியில் விட்டுப்போயிருந்தது. மோட்டர் உடனே நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டருக்கு ஒரு பேஸ் போனாலும், மீதி இரண்டில் இழுத்துக்கொண்டு ஓடும். 11 அம்பியரில் ஓடிய காற்றாடி 19 அம்பியர் கேட்டது. டெல்டாவில் பூட்டிய மோட்டரானபடியால் பெரும் பாரம் ஒரு சுருளின் தலையில் விழுந்தது. கழற்றிப் பார்த்தபோது ஒரு சுருள் கரி, மற்ற இரண்டும் நல்ல நிறம். ஸ்டாராக இருந்தால் இரண்டு கருகி ஒன்று தப்பும். வைண்டிங் செய்பவர்கள் பார்த்த உடனேயே சொல்லிவிடுவார்கள்.

"அப்ப ரிலே என்னா செஞ்சுச்சு?" என்று கேட்பீர்கள். 15 அம்பியரில் வைக்க வேண்டிய ரிலேயை, அடிக்கடி விழுகிறது என்று யாரோ 22க்குத் திருகி வைத்திருந்தார்கள். 19 வந்தும் அது அசையவில்லை. அடிக்கடி விழுந்தது ஏன் என்று அன்றைக்கே பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். எங்களுக்கு மனம் கேட்காத இடம் இதுதான்.

பெட்டியின் ஓரத்தில் தனியாக இன்னொரு திருகு இருக்கும், எர்த் வயருக்கு. அது இல்லாமலும் மோட்டர் நன்றாக ஓடும். அதனால்தான் பலர் அதைக் கவனிப்பதில்லை. உள்ளே ஒரு வயர் தோலுரிந்து உடம்பில் பட்டால், எர்த் இருந்தால் பியூஸ் போகும். இல்லாவிட்டால் ஈரத்தரையில் நின்று மோட்டரைத் தொடுபவரின் உயிர் போகும்.

சில ஸ்டோர்களில் காற்றாடியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இலெக்ட்ரோனிக் பெட்டிகளும் வந்திருக்கின்றன. மின்சாரம் மிச்சம், நல்ல சாமான்தான். ஆனால் அது வோல்டை வெட்டி வெட்டி அனுப்புகிறது. கேபிள் நீளமாக இருந்தால் மோட்டரின் கட்டையில் அந்த வெட்டின் உச்சி 1000 வோல்டைத் தொடலாம். 400க்குப் போதுமாயிருந்த இடைவெளி அங்கே போதாது.

பெட்டியைத் திறப்பது இலெக்ட்ரீஷியனின் வேலை, அதுவும் மெயினை நிறுத்திப் பூட்டிய பிறகு. மற்றவர்கள் கை வைக்க வேண்டாம். ஆனால் மூடி இல்லாத பெட்டி, ஒரு திருகில் தொங்கும் மூடி, கேபிள் நுழையும் ஓட்டையில் கழுத்துப் பிடி இல்லாமல் சாக்குத்துணி அடைத்திருப்பது, இதெல்லாம் நின்ற இடத்திலிருந்தே தெரியும். வாடைக்கு மூக்கு போதும்.

அந்த ஸ்டோரில் இப்போது வாட்டும் மாடிச் சுவரில் ஒரு கொப்பி தொங்குகிறது. வாடையோ சத்தமோ வித்தியாசமாக இருந்தால் யாரும் எழுதலாம். டீமேக்கர் காலையில் பார்த்துக் கையெழுத்து வைக்கிறார். முதல் வரி அந்த அக்கா எழுதியது: "அஞ்சாம் நம்பர் மோட்டர் இருமுது." பெயாரிங் தேய்ந்திருந்தது. மறுநாளே மாற்றிவிட்டார்கள்.