வெள்ளைப் படிவில் ஓர் ஆலையின் வரலாறு

தெற்குப் பிரான்சில் ஆர்ல் நகருக்கு அருகே, ஃபோன்வியேய் என்ற ஊரை அடுத்து இருக்கிறது பார்பெகால். ரோமானியர் கட்டிய நீர்ப்பாலத்தின் இடிந்த வளைவுகளை ஒட்டி நடந்தால், பாறையை வெட்டிப் போட்ட வாய்க்கால் வருகிறது. அதன் மறுமுனையில் நிலம் சட்டென்று சரிகிறது. சரிவு முழுக்கச் சிதைந்த சுவர்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் இங்கே 16 தண்ணீர்ச் சக்கரங்கள் சுழன்று மாவரைத்தன.

எட்டெட்டாக இரண்டு வரிசை. மேல் சக்கரத்தைச் சுற்றிவிட்டு இறங்கும் நீர் அடுத்த சக்கரத்துக்குப் பாயும். சுமார் 20 மீட்டர் இறக்கத்தில் அதே தண்ணீருக்கு எட்டு முறை வேலை. சக்கரத்தின் மேலிருந்து நீரை விட்டதில் ஒரு சூட்சுமம் உண்டு. அடியில் ஓடும் நீர் பலகையை மோதும்போது ஆற்றலின் பெரும்பகுதி சுழிப்பிலும் சிதறலிலும் வீணாகிறது. மேலிருந்து விட்டால் நீர் சக்கரத்தின் அறைகளில் தங்கி, தன் எடையாலேயே அதைக் கீழே இழுக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் மாதிரிச் சக்கரங்களை வைத்து அளந்து, 1759-இல் இதை நிறுவினார். மேலிருந்து நீர் பாயும் சக்கரம் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றலைப் பயனாக்கியது; அடியில் மோதும் சக்கரம் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

பார்பெகாலை 1930-களின் இறுதியில் அகழ்ந்தவர் ஃபெர்னான் பென்வா. மரச் சக்கரங்கள் எப்போதோ மக்கிப்போயிருந்தன. ஆனால் அவற்றின் மேல் படிந்த சுண்ணாம்பு மிஞ்சியது. சுண்ணாம்புக்கல் மலையில் ஊறிவரும் நீரில் கால்சியம் கரைந்திருக்கும். நீர் சிதறும்போது கரியமில வாயு வெளியேற, நம் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் பிடிப்பதுபோல வெள்ளைப் படிவு ஒட்டிக்கொள்ளும். அருங்காட்சியகத்தில் கிடந்த அந்தத் துண்டுகளை ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து ஆராய்ந்தனர். 2018-இல் முடிவுகள் வெளிவந்தன. துண்டுகளின் ஒரு பக்கத்தில் மரத்தின் வரிகள் அச்சாகப் பதிந்திருந்தன. குறுக்கே வெட்டியபோது, பருவத்துக்குப் பருவம் மாறும் அடுக்குகள் தெரிந்தன. ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம் அந்தந்தப் பருவத்தை அடையாளம் காட்டியது.

அடுக்குகளில் ஒழுங்கான இடைவெளிகள் இருந்தன. கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் ஆலை ஓடவில்லை! ஆர்ல் நகரத்துக்கு அன்றாடம் மாவு தந்த ஆலை என்றால் ஆண்டுதோறும் இப்படி மாதக்கணக்கில் நிற்குமா? குளிர்காலத்தில் மத்தியதரைக் கடலில் கப்பல் போக்குவரத்து அடங்கிவிடும்; அதற்கு முன்பே கப்பலுக்கான உணவின் தேவை குறையத் தொடங்கியிருக்கும். அதனால், கப்பல்காரர்களுக்கான காய்ந்த ரொட்டிக்கே இங்கு மாவரைத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பழைய நீராலைகளைப் பார்க்கப் போகிறவர்கள் சக்கரத்தைத்தான் தேடுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது பின்னாளில் மாட்டிய புதுச் சக்கரமாக இருக்கும். நீர் ஓடிய சுவர்களையும் சற்று நின்று பாருங்கள். சுண்ணாம்புப் படிவு இருந்தால், ஆலை ஓடிய காலமும் நின்ற காலமும் அங்கேதான் பதிவாகியிருக்கும்.