கேள்வியில் தொடங்கும் வகுப்பு: புதிய ஆசிரியர்களுக்கு

பாடத்தின் முடிவை முதலில் சொல்லிவிடாமல், மாணவர்களே செய்து பார்த்து, கிடைத்த சான்றை வைத்து முடிவுக்கு வரச் செய்வதுதான் ஆய்வுவழிக் கற்றல். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம், எளிய பொருள்களை வைத்தே 30 ஆண்டுகள் நடந்தது.

தனி ஊசல் பாடத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் விதியை எழுதுவதற்கு முன், ஒரு கேள்வியை எழுதுங்கள்: "ஊசல் ஒருமுறை போய்த் திரும்பும் நேரத்தை எது மாற்றும்? எடையா, நூலின் நீளமா?" ஒவ்வொருவரும் தன் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். எடைதான் என்று பலர் எழுதுவார்கள். பிறகு குழுவுக்குக் கொஞ்சம் நூல், சில இரும்பு நட்டுகள், ஓர் அளவுகோல், ஒரு கடிகாரம் கொடுங்கள். ஒரே ஒரு அலைவை அளந்தால் பிழை அதிகம் வரும். பத்து அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து பத்தால் வகுக்கச் சொல்லுங்கள். சற்றே இழுத்து விட்டால் போதும்.

ஏதாவது ஒரு குழு நூலையும் நீட்டி, நட்டையும் கூட்டிவிட்டு, "எடை கூடினா நேரம் கூடுது சார்" என்று வந்து நிற்கும். தவறு என்று சொல்லிவிடாதீர்கள். "எத்தனை விஷயத்தை மாத்தினீங்க?" என்று மட்டும் கேளுங்கள். திரும்பிப் போய் நீளத்தை மாற்றாமல் மறுபடி அளப்பார்கள். நட்டுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கவிட்டால் ஊசலின் நீளமும் கூடிவிடும். ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். 25 செ.மீ. ஊசலுக்குச் சுமார் 1 விநாடி, ஒரு மீட்டர் ஊசலுக்குச் சுமார் 2 விநாடி ஆகும். நீளம் நான்கு மடங்கானால் நேரம் ஏன் இரண்டு மடங்கு மட்டுமே ஆகிறது? அடுத்த வகுப்புக்கான கேள்வி தானாகவே கிடைத்துவிடுகிறது.

கேள்வி கேட்டதும் பொறுத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன, அதிகம் பேர் பேசுகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் கண்டறிந்தார்.

பொருளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்பது ஆய்வுவழிக் கற்றல் ஆகாது. வழிகாட்டல் இல்லாவிட்டால், முன்னறிவு குறைந்த மாணவர்கள் தடுமாறுவார்கள். தொடக்கத்தில் கேள்வியும் செய்முறையும் உங்களுடையதாக இருக்கட்டும். முடிவு மட்டும் அவர்களுடையது. பழகிய பிறகு செய்முறையையும், அதன்பின் கேள்வியையும் அவர்களிடம் விடலாம். கடைசிப் பத்து நிமிடத்தை விடவே கூடாது. குழுக்களின் அளவுகளைப் பலகையில் வரிசையாக எழுதி, விதியை மாணவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பாடநூலின் சொற்களை அப்போது அறிமுகப்படுத்துங்கள். அதைச் செய்யாவிட்டால் வகுப்பு வெறும் விளையாட்டாக முடிந்துவிடும்.

எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நேரம் இருக்காது, தேவையும் இல்லை. இந்த மாதம் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்களிடம் கொடுப்பதற்கு முன், அந்தச் சோதனையை நீங்களே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.