வக்கீல் அறைக்குள் நுழையும் முன்

நிலம் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த எல்லைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில்தான் அதுபற்றிய வழக்கைத் தொடுக்க வேண்டும் என்பது உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வகுத்துள்ள பொது விதி. சென்னையில் குடியிருக்கும் ஒருவருக்குத் தென்காசிப் பக்கம் பூர்வீக வயல் இருந்து, அதில் பங்குத் தகராறு வந்தால் வழக்கு அங்கேதான் நடக்கும். கடன் பாக்கி என்றால் எதிர்வாதி குடியிருக்கும் ஊரிலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த ஊரிலோ வழக்குப் போடலாம். ஆகவே, எந்த வக்கீல் என்ற கேள்விக்கு முன்னால் எந்த நீதிமன்றம் என்ற கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்.

அந்த நீதிமன்றத்தில் அன்றாடம் ஆஜராகும் உள்ளூர் வக்கீலுக்குச் சார்பதிவாளர் அலுவலகமும் தாலுகா அலுவலகமும் நடந்து போகும் தூரம். வாய்தாவுக்கு வாய்தா வெளியூரிலிருந்து வந்துபோகும் செலவு கட்சிக்காரர் தலையில் விழாது. ஆனால் சிறிய ஊரில், எதிர்த்தரப்புக்கும் அவரே அறிமுகமானவராக இருக்கக்கூடும். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர், அதே விவகாரத்தில் மறுதரப்புக்காக ஆஜராகக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி. எனவே முதல் சந்திப்பில் கதையைத் தொடங்கும் முன்பே எதிராளியின் பெயரைச் சொல்லிவிடுவது நல்லது.

வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ள அதே விதிகள் தடை விதிக்கின்றன. அதனால் தேடல் பெரும்பாலும் வாய்வழிதான். இதே மாதிரி வழக்கை நடத்தி முடித்த உறவினர், நண்பரிடம் விசாரிப்பது முதல் வழி. இன்னொரு வழியைப் பலரும் நினைத்துப் பார்ப்பதில்லை. நீதிமன்றங்கள் பெரும்பாலும் பொதுமக்கள் முன்னிலையில்தான் நடக்கின்றன. ஒரு காலைப் பொழுது பின்வரிசையில் உட்கார்ந்தால் போதும். யார் வழக்குக் கட்டைப் படித்துவிட்டு வருகிறார், யார் காரணமில்லாமல் வாய்தா வாங்குகிறார் என்பது கண்முன்னே தெரிந்துவிடும். கிரிமினல் வழக்கில் பேர் வாங்கியவர் பாகப்பிரிவினை வழக்கிலும் வல்லவராக இருப்பார் என்று நம்பிப் போவது தவறு. இரண்டுக்கும் வேண்டிய அனுபவம் வேறு.

முதல் சந்திப்பின் பயனைத் தீர்மானிப்பது, கட்சிக்காரர் கையில் இருக்கும் காகிதங்கள். அப்பா இறந்த பிறகு நிலத்தில் பங்கு கேட்கும் மகளின் வழக்கை எடுத்துக்கொள்வோம். மூலப் பத்திரம், கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, நில அளவை வரைபடம், இறப்புச் சான்று, தாசில்தார் தந்த வாரிசுச் சான்று ஆகிய எல்லாவற்றின் நகலும் ஆண்டு வரிசையில் அடுக்கியிருக்க வேண்டும். வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, நிலம் அப்பா சுயமாகச் சம்பாதித்ததா, பாட்டன் வழி வந்ததா என்பதாக இருக்கும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை உண்டு என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005இல் திருத்தப்பட்டது. திருத்தம் அமலுக்கு வந்த தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதேசமயம், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை இந்தத் திருத்தம் தொடாது. ஒரு பத்திரத்தின் தேதி வழக்கின் தலையெழுத்தையே மாற்றிவிடும்.

வில்லங்கச் சான்றை வீட்டிலேயே ஒருமுறை வரி வரியாகப் படித்துவிட வேண்டும். கல்யாணமான புதிதில் அண்ணன் கேட்டாரென்று சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்ட தங்கைகள் நம் ஊர்களில் ஏராளம். அது விடுதலைப் பத்திரமாக இருந்தால், ஆவண எண்ணோடும் ஆண்டோடும் வில்லங்கச் சான்றில் உட்கார்ந்திருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால், எதிர்வாதியின் பதிலுரையில் வக்கீல் அதை முதன்முதலாகப் பார்ப்பார்; அதற்குள் வழக்கு வேறு அடிப்படையில் போடப்பட்டிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால், கையெழுத்து எந்தச் சூழலில் வாங்கப்பட்டது, சட்டப்படி என்ன செய்ய முடியும் என்று யோசிக்க இடமுண்டு. பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றில் வராது என்பதால், அப்படி ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்திருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.

பாதகமான விஷயத்தைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவருடைய சம்மதமின்றி வக்கீல் வெளியிடக் கூடாது என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு சொல்கிறது. சட்டவிரோதக் காரியத்துக்குத் துணை தேடிச் சொல்வதற்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

காகிதங்களுக்கு மேலே, நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதிய ஒரு பக்கம் இருந்தால் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்தது. காரணம், காலக்கெடு. கடன் பணத்துக்குப் பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். வங்கியிலிருந்து செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியாக வேண்டும். சம்மன் வந்தால் பதிலுரை தாக்கல் செய்ய 30 நாள். நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை. நோட்டீஸ் வந்த தபால் உறையைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். அதில் உள்ள அஞ்சல் முத்திரைத் தேதி பின்னால் சாட்சியாகும்.

பேச்சு முடிந்ததும் கேட்க வேண்டியவை சில. வழக்கே தேவையா, நோட்டீஸோ சமரச மையமோ போதுமா? வாய்தாவில் நிற்கப்போவது சீனியரா, ஜூனியரா? நீதிமன்றக் கட்டணம் வக்கீல் ஃபீஸிலிருந்து தனி. தமிழ்நாட்டில் மதிப்பின் மேல் கட்டும் கட்டணம் 2017இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பங்கு வழக்கில் மகள் கூட்டு அனுபவத்தில் இருக்கிறாள் என்றால் மதிப்பின்படி கட்டத் தேவையில்லாமல் சொற்பக் கட்டணமே போதும். வெளியேற்றப்பட்டவள் என்றால் பங்கின் மதிப்பின் மேல் கட்ட வேண்டும். ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்பதைக் கூச்சப்படாமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று பேசுவதை பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கும் இதுதான் விதி.

வக்காலத்து என்பது வெறும் சம்பிரதாயக் காகிதமல்ல. சமரசம் செய்துகொள்ளும் அதிகாரம் உட்படப் பலவற்றை அது வக்கீலுக்குத் தரக்கூடும். குமாஸ்தா நீட்டும் வெற்றுப் படிவத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், பெயரும் வழக்கு விவரமும் நிரப்பிய பிறகு படித்துப் பார்த்துப் போடுவதே முறை. அசல் பத்திரங்களை முதல் நாளே கொடுத்துவிடக் கூடாது. தாக்கல் செய்யக் கேட்கும்போது ஒப்புகைச் சீட்டோடு கொடுக்கலாம். வழக்கு பதிவானதும் கிடைக்கும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொண்டால், அடுத்த வாய்தாவை ஈ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரரே பார்த்துக்கொள்ள முடியும்.

வக்கீலை மாற்ற விரும்பினால், ஃபீஸ் பாக்கியைக் காட்டிக் கட்டை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. தொழில் ஒழுங்கீனம் என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வக்கீல்களின் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபீஸ் கொடுக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் ஆகியோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.