கருஞ்சாக்லேட்டும் கீடோ உணவு நியமமும்

உணவில் அளவு வேண்டுமென்பதை மறுப்பார் ஒருவருமிலர். எதனை எவ்வளவு குறைப்பது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுகின்றது. அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை முதலியவற்றை மிகச் சுருக்கிக் கொழுப்பையே தலையாய உணவாகக் கொள்ளும் முறையொன்று இக்காலத்திற் பல நாடுகளிலும் பரவி வருகின்றது. அதனைக் கீடோ உணவு முறை என்பர். அந்நியமம் பூண்டோர் பலரும், “இனிப்பனைத்தையும் துறந்த எமக்குச் சாக்லேட்டும் ஆகாதோ?” என வினவுகின்றனர். அதற்கு விடை காணுமாறு, அவ்வுணவு முறையின் வரலாற்றையும் சாக்லேட்டின் இயல்பையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இம்முறை தோன்றியது மருத்துவத்தின் பொருட்டே. பட்டினி கிடக்குங்கால் காக்கை வலிப்புத் தணிதலை மருத்துவர் கண்டிருந்தனர். ஆயின் பட்டினியை நெடுநாள் நீட்டிக்க ஒண்ணாது. 1921-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவ நிலையத்தைச் சார்ந்த ரஸ்ஸல் வைல்டர் என்பார், பட்டினியால் உடலில் விளையும் நிலையை உணவினாலேயே விளைவிக்கலாமெனக் கருதி இம்முறையை முன்மொழிந்தார். 1938-இல் பெனிடோயின் என்னும் மருந்தின் பயன் வெளிப்பட்டபின் இது பெரும்பாலும் மறக்கப்பட்டது. 1990-க்குப் பின்னர், மருந்துக்கு அடங்காத வலிப்புடைய குழந்தைகளின் பொருட்டு மீண்டும் உயிர் பெற்றது. இன்று உடற்பருமன் குறைக்க விரும்புவோரும் நீரிழிவுடையாருட் சிலரும் இதனைக் கைக்கொள்கின்றனர்.

இதன் செயல் யாதெனின், மாவுச்சத்தும் சர்க்கரையும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 முதல் 50 கிராம் வரையிற் சுருக்கப்படின், கல்லீரலிற் சேமித்துள்ள கிளைக்கோஜன் குன்றும், இன்சுலின் தாழும், உடலின் கொழுப்பினின்று கொழுப்பமிலங்கள் வெளிப்படும். கல்லீரல் அவற்றைக் கீடோன்கள் என்னும் பொருள்களாக மாற்ற, மூளையும் தசையும் அவற்றை எரித்துத் தொழிற்படும். சர்க்கரை மிகுதியாக உட்செல்லின் இன்சுலின் உயர்ந்து, கீடோன் உற்பத்தி குறைந்துவிடும். ஆகவே இந்நியமத்தில் நாம் கணக்கிடவேண்டியது உட்செல்லும் மாவுச்சத்தின் நிறையேயாம்.

இனிச் சாக்லேட்டைக் காண்போம். இதற்கு மூலமாகிய கோக்கோ மரத்திற்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயர், தேவருணவு என்னும் பொருள்பட்ட கிரேக்கச் சொல்லாலாயது. நம் நாட்டிலும் பொள்ளாச்சி முதலிய இடங்களில் தென்னந்தோப்புக்களினூடே இது பயிராகின்றது. கரும்பை அறியாத பண்டை மெக்சிகோ மக்கள் இதன் விதையை அரைத்துக் கைப்பான பானமாகவே அருந்தினர். ஐரோப்பாவிற் புகுந்த பின்னரே சர்க்கரை அதனுடன் பெரிதும் உறவு கொண்டது. 1828-இல் ஒல்லாந்தராகிய வான் ஹூட்டன் விதையினின்று வெண்ணெயைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். 1847-இல் இங்கிலாந்துப் பிரிஸ்டல் நகரத்து பிரை நிறுவனத்தார் அவ்வெண்ணெயைத் தூளுடனும் சர்க்கரையுடனும் கூட்டிக் கடித்துண்ணும் கட்டியாக்கினர். 1875-இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பாலையும் சேர்த்தார்.

கடையில் விற்கும் கட்டியின் மேலுறையில் 70 சதவீதம், 85 சதவீதம் எனக் குறித்திருத்தலை யாவரும் கண்டிருப்பர். அது கோக்கோ விதையினின்று வந்த பகுதியனைத்தையும், வெண்ணெயையும் உட்படுத்தி, குறிக்கும். எஞ்சியது பெரும்பாலும் சர்க்கரையே. எனவே 70 சதவீதக் கட்டி 100 கிராமில் சர்க்கரை ஏறத்தாழ 30 கிராமும், 85 சதவீதத்தில் 15 கிராமும் இருக்கும். பாற்சாக்லேட்டிலோ 50 கிராம் வரையிலும் உண்டு. கோக்கோவிலும் சிறிது மாவுச்சத்து இயல்பாக உளது.

அமெரிக்க அரசினரின் உணவு அட்டவணைப்படி, 70 முதல் 85 சதவீதம் வரையுள்ள கருஞ்சாக்லேட் 100 கிராமில் கொழுப்பு 43 கிராம். மொத்த மாவுச்சத்து 46 கிராம். அதில் செரியாத நார் 11 கிராம். நாரை நீக்கின் எஞ்சுவது 35 கிராம். ஆகவே 10 கிராம் துண்டொன்றில் மூன்றரை கிராம் மாத்திரமே உளது. 30 கிராம் உண்பார்க்குப் பத்தரை கிராம் சேரும். நாளுக்கு 20 கிராம் என வரையறுத்தவருக்கு இது பாதிக்கும் மேற்பட்டதாம். முழுக்கட்டியையும் உண்பாரோ அன்றைய எல்லையைக் கடந்தவராவர். ஈண்டு ஓர் எச்சரிக்கை: அமெரிக்க உறைகளில் மொத்த மாவுச்சத்தில் நாரும் அடங்கும், ஐரோப்பிய உறைகளில் நார் முன்னரே நீக்கப்பட்டிருக்கும். பின்னதில் மீண்டும் நாரைக் கழிப்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக் கொள்பவராவர்.

‘சர்க்கரையற்றது’ என்னும் சொல்லையும் ஆராய்ந்தே நம்பவேண்டும். மால்டிடால் சேர்ந்தவை குருதிச் சர்க்கரையை ஓரளவு உயர்த்தும். மிகுதியாக உண்ணின் வயிற்றுப்போக்கும் உண்டாகும். எரித்ரிடாலோ குருதிச் சர்க்கரையைப் பெரும்பாலும் உயர்த்துவதில்லை.

சாக்லேட்டை மருந்தென்று புகழ்வாருமுளர். மெக்னீசியமும் இரும்பும் அதில் உளவென்பது மெய்யே. ஆயினும் 21,000-க்கு மேற்பட்ட முதியோரிடம் நிகழ்த்திக் கோக்கோச் சாற்றின் பயனை ஆராய்ந்து 2022-இல் வெளியான பெருஞ்சோதனையில், இதயநோய் நிகழ்ச்சிகள் மொத்தத்தில் ஐயமறக் குறைந்தனவாகக் காணப்படவில்லை. மேலும் 100 கிராமில் ஏறக்குறைய 600 கலோரி உளது. சுவைக்காக உண்பதைச் சுவைக்காகவே உண்க. மருந்தென்று பெயரிட்டு அளவைப் பெருக்கற்க.

இக்கணக்கு எல்லோர்க்கும் ஒருதன்மைத்தன்று. எடை குறைப்பவர் ஒருநாள் எல்லை கடப்பின் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். வலிப்பு நோய்க்காக இவ்வுணவில் வைக்கப்பட்ட குழந்தைக்கோ உணவே மருந்து; அன்பின் மிகுதியால் உறவினர் மறைவாகக் கொடுக்கும் ஒரு துண்டு வலிப்பை மீண்டும் அழைக்கக்கூடும். அக்குழந்தைக்குரியதை மருத்துவரே கிராம் கணக்கில் வகுப்பர். இன்சுலின் போடுவோர் மருந்தைக் குறைக்காமல் மாவுச்சத்தை மட்டும் சுருக்கின் குருதிச் சர்க்கரை அபாயமாகத் தாழும். எம்பாகிளிப்ளோசின் போன்ற மாத்திரைகளை உண்போர் இந்நியமத்தை மேற்கொள்ளின், குருதி அமிலமாகி உயிருக்கே இடர் நேர்தலும் உண்டு. இவர்கள் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்கக்கடவர்.

ஏனையோர்க்கு நாம் கூறும் வழி எளிது. 85 சதவீதமோ அதற்கு மேற்பட்டதோ ஆகிய கட்டியைத் தேர்க. பத்துக் கிராம் அளவுள்ள துண்டை ஒடித்துக்கொண்டு, எஞ்சியதை எடுத்து வைத்துவிடுக. உணவுண்டபின் அதனை நாவிலிட்டுக் கரையவிடுக. கோக்கோ வெண்ணெய் உடல் வெப்பத்திற்குச் சற்றுக் குறைந்த 34 பாகை அளவில் உருகுமாதலின், கடியாமலே அது கரையும். கைப்பும் மணமும் நெடிது நிற்கும். விரைந்து விழுங்குவார்க்கு ஒரு கட்டியும் போதாது. மெல்லச் சுவைப்பார்க்குச் சிறு துண்டே நிறைவு தரும்.