எந்த மொழி சிறந்தது?

“சார், சி மொழி படிக்கலாமா, பைத்தான் படிக்கலாமா? எது சிறந்தது?” என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. சுத்தியல் சிறந்ததா, இழைப்புளி சிறந்ததா என்று ஒரு தச்சரைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? “என்ன வேலைக்கு?” என்று நம்மையே திருப்பிக் கேட்பார். கணிப்பொறி மொழிகளைப் பற்றிக் காரசாரமாகப் பேசுவதில் பெயர்பெற்ற ஒருவரின் கதையும் நம்மை இதே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவர் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்.

கருவும் அதன் மொழியும்

1991-ஆம் ஆண்டில் டோர்வால்ட்ஸ், பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் 21 வயது மாணவர். தம் சொந்தக் கணிப்பொறிக்காக அவர் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். இது இயக்க அமைப்பின் கரு, கெர்னல் என்பார்கள். நினைவகத்தைப் பங்கிடுதல், வட்டில் எழுதுதல், எந்த நிரல் எப்போது ஓடவேண்டும் என முடிவுசெய்தல் ஆகியவை இதன் பணிகள்.

இதை அவர் சி மொழியில் எழுதினார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1972 வாக்கில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி அது. சி மொழியில் ஒரு வரியை எழுதினால், எந்திரம் அதற்காக என்ன செய்யும் என்பதை ஏறக்குறைய ஊகித்துவிடலாம். கருவை எழுதுபவருக்கு இது மிகத் தேவையான பண்பு.

சி-யிலிருந்து வளர்ந்தது சி++ மொழி. 1992-இல் லினக்ஸ் கருவிலும் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள், பிறகு கைவிட்டுவிட்டார்கள். பின்னாளில் டோர்வால்ட்ஸ் அந்த மொழியை மிகக் கடுமையாகச் சாடினார். அவர் கூறிய காரணங்களில் ஒன்றை மட்டும் பார்ப்போம். எழுதுபவரின் முதுகுக்குப் பின்னால் நினைவகத்தை ஒதுக்குவது போன்ற வேலைகளைச் செய்யும் மொழி, கருவுக்குப் பொருந்தாது என்றார் அவர்.

நம்பிக்கையின் விலை

சரி, சி மொழியில் குறையே இல்லையா? உண்டு. கணிப்பொறியின் நினைவகத்தை, வரிசையாக எண்ணிடப்பட்ட அஞ்சல் பெட்டிகளாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒதுக்கியவை 1 முதல் 100 வரை. நீங்கள் 101-ஆம் பெட்டியைத் திறந்தாலும் சி மொழி தானாகத் தடுக்காது. அதில் உள்ளது பக்கத்து வீட்டாரின் கடிதம்! எழுதுபவரை அது முழுமையாக நம்பிவிடுகிறது.

இந்த நம்பிக்கை 2014-இல் உலகையே கலங்கவைத்தது. இணையத்தில் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் சி மொழி நிரல் தொகுப்பில் ஒரு பிழை வெளிப்பட்டது. “நான் அனுப்பும் சொல்லை அப்படியே திருப்பி அனுப்பு” என்று ஒரு கணிப்பொறி மற்றொன்றைக் கேட்கலாம். சொல்லின் நீளத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஐந்தெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு, நீளம் 64,000 என்று பொய் சொன்னால்? நிரல் அதைச் சரிபார்க்கவில்லை! அடுத்தடுத்த பெட்டிகளில் இருந்தவற்றையெல்லாம் அள்ளிக் கொடுத்தது. அவற்றில் பிறருடைய கடவுச்சொற்களும் இருக்கக்கூடும் அல்லவா? ‘ஹார்ட்பிளீட்’ எனப் பெயர்பெற்ற பிழை இதுவே.

இத்தகைய பிழைகள் அரியவை அல்ல. தான் ஆண்டுதோறும் சரிசெய்யும் பாதுகாப்புக் குறைகளில் சுமார் 70 விழுக்காடு நினைவகப் பிழைகளே என்று 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தெரிவித்தது.

இங்குதான் ரஸ்ட் என்னும் மொழி வருகிறது. இதன் முதல் நிலையான பதிப்பு 2015-இல் வெளிவந்தது. வரிசையின் எல்லையை மீறி 101-ஆம் பெட்டியைத் தொட முயன்றால், ரஸ்டில் எழுதிய நிரல் அங்கேயே நின்றுவிடும். திருப்பிக் கொடுத்துவிட்ட பெட்டியை மறுபடி பயன்படுத்தும்படி எழுதினாலோ, கம்பைலர் அந்த நிரலை ஏற்கவே ஏற்காது. இதற்காகச் சி மொழியின் வேகத்தைப் பெரிதும் இழக்கவேண்டியதில்லை. 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில், டோர்வால்ட்ஸின் இசைவோடு ரஸ்ட் இடம்பெற்றது. சி++ மொழியைக் கதவடைத்து அனுப்பியவர், ரஸ்டுக்குக் கதவைத் திறந்தார். கருவின் தேவைதான் இரண்டு முடிவுகளுக்கும் அளவுகோல்.

மேசைக்கு வராத லினக்ஸ்

2017 நவம்பரில் வெளியான பட்டியலில், உலகின் மிக வேகமான 500 கணிப்பொறிகளும் லினக்ஸில் இயங்கின. ஆண்டிராய்டு கைபேசிகளின் கருவும் லினக்ஸே. தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளிலும், விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸ் இருந்ததைச் சிலர் கண்டிருப்பீர்கள். ஆயினும் மேசைக் கணிப்பொறிகளில் நூற்றுக்குச் சிலவே லினக்ஸில் இயங்குகின்றன. ஏன்?

வாங்கும்போதே கணிப்பொறியில் உள்ளதையே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒரு காரணம். மற்றொன்றை டோர்வால்ட்ஸே 2014-இல், அமெரிக்காவின் போர்ட்லண்டில் கூடிய டெபியன் நிரலாளர்களிடம் எடுத்துரைத்தார். கருவில் என்ன மாற்றினாலும், அதன்மேல் ஓடும் பழைய நிரல்கள் கெடக்கூடாது என்பது அவர் கண்டிப்பாகக் காக்கும் விதி. ஆனால் கருவுக்கு மேலுள்ள அடுக்கு அப்படியில்லை. டெபியன், ஃபெடோரா, உபுண்டு எனப் பல வெளியீடுகள். ஒவ்வொன்றிலும் துணை நிரல்களின் பதிப்பு வேறு. ஒன்றுக்காக ஆயத்தம் செய்த நிரல் இன்னொன்றில் ஓடாமல் போகலாம்.

கடலுக்குள் முக்குளிப்பவர்கள் குறிப்பெழுத உதவும் ‘சப்சர்ஃபேஸ்’ என்ற நிரலை டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கினார். விண்டோஸுக்கும் மேக்குக்கும் ஓடத்தக்க வடிவில் அதை வெளியிடுகிறோம். லினக்ஸுக்கு அப்படிச் செய்வது பெருந்தொல்லை என்று அந்தக் கூட்டத்தில் குறைப்பட்டுக்கொண்டார். லினக்ஸின் தந்தையே!

பின்னர் ஃபிளாட்பேக், ஸ்னேப் முதலிய முறைகள் பரவின. நிரலையும் அதற்கு வேண்டிய துணை நிரல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவது இவற்றின் உத்தி. மூட்டை பெரிதாகிறது; ஆனால் தொல்லை குறைகிறது.

இனி ஒரு வியப்பைக் கேளுங்கள். அதே சப்சர்ஃபேஸ் நிரலின் திரைத்தோற்றம் பிறகு ‘க்யூட்டி’ என்ற தொகுப்புக்கு மாற்றப்பட்டது. அந்தத் தொகுப்பு எழுதப்பட்ட மொழி எது தெரியுமா? சி++! கருவுக்கு ஆகாதது, திரையில் பொத்தான்களை வரைவதற்கு ஏற்றதாகிவிட்டது.

எனவே மாணவ நண்பர்களே, பெரியவர் ஒருவர் ஒரு மொழியைத் தூற்றினார் என்பதற்காக அதை ஒதுக்கிவிடவும் வேண்டாம்; போற்றினார் என்பதற்காகத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அவர் எந்த வேலையை மனத்தில் வைத்துச் சொன்னார், அங்கே ஒரு பிழை நேர்ந்தால் அதன் சுமை யார் தலையில் விழும் என்று கேளுங்கள். அதற்கு விடை கிடைத்தால், எந்த மொழி என்பதற்கும் விடை கிடைத்துவிடும். சோதனையில் கிடைத்த நூறு அளவீடுகளுக்கு வரைபடம் போடவேண்டுமா? பைத்தான் போதும். அந்த அளவீடுகளை எடுக்கும் சிறு மின்னணுக் கருவியை இயக்கவேண்டுமா? சி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் 101-ஆம் பெட்டியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!